ஆணை வாங்கினோம், காவல் வைத்தோமா? மரக்காணம் கடற்கரையிலிருந்து ஒரு வரலாற்றுப் பாடம்

மரக்காணம் பக்கம் ஒரு காலனியின் சமுதாயக் கூடத்தில் இரண்டு நாள் பயிற்சி. சிறிய சங்கங்கள், மகளிர் குழுக்கள், இளைஞர் மன்றங்களிலிருந்து முப்பது பேர் வந்திருந்தார்கள். சுவர் முழுக்க சார்ட் தாள். நோக்கம், இலக்கு, செயல்பாடு, குறியீடு, காலக்கெடு என்று கட்டம் கட்டி எழுதிக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த, உப்பு வாரும் வேலை செய்யும் ஆயா ஒருவர் கேட்டார்: "ஏம்பா, இவ்ளோ எழுதினீங்களே, இதுல எங்க நெலம் எங்க இருக்குது?"

எல்லாரும் சிரித்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 'அட்வகசி', 'ஸ்ட்ராடஜிக் பிளானிங்' என்று நாம் பயிற்சி கொடுக்கும் விஷயங்கள் வெளிநாட்டு நிதி நிறுவனங்களோடு வந்த சரக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சொற்கள் வேண்டுமானால் அப்படி வந்திருக்கலாம். ஆனால் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஆதாரம் திரட்டி, நேரம் பார்த்து அழுத்தம் கொடுக்கும் வேலையை இந்த மண்ணில் நம் முன்னோர்கள் 130 வருடங்களுக்கு முன்பே செய்தார்கள். சில இடங்களில் ஜெயித்தார்கள். ஜெயித்ததைப் பல இடங்களில் இழந்தோம். ஏன் இழந்தோம் என்பதைப் புரிந்துகொண்டால்தான் இன்று யாருக்கு, எதற்காகப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது விளங்கும்.

கால்வாய் முடிகிற இடம்

ஆந்திரக் கரையில் தொடங்கி சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில்தான் முடிகிறது. ஒரு காலத்தில் படகுப் போக்குவரத்து நடந்த நீர்வழி இது. சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, 1876-78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. பஞ்சத்தில் மண் வெட்டப் போனவர்கள் யார் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. நிலம் இல்லாதவர்கள், களத்தில் தானியம் நின்றவுடன் கஞ்சியும் நின்றுபோனவர்கள்.

அந்தப் பஞ்சம் ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. செங்கல்பட்டு, தென்னார்க்காடு மாவட்டங்களில் சேரி மக்கள் நிலத்தில் உழைத்தார்கள். நிலம் அவர்களுக்கு இல்லை. குடியிருக்கும் மனை கூட மிராசுதாரின் தயவில் இருந்தது. கூலி அதிகம் கேட்டால் மனையைக் காலி செய்யச் சொல்லலாம். தரிசு நிலம் கேட்டு அரசிடம் தர்க்காஸ்து போட்டால், அதே நிலத்தைத் தனக்குக் கொடு என்று கேட்கும் முன்னுரிமை மிராசுதாருக்கு இருந்தது. ஆக, மனு போடுவதே ஆபத்து. மனு போட்டவனுக்கு நிலமும் கிடைக்காது, மறுநாள் வேலையும் கிடைக்காது.

1891-92: ஓர் அரசாணை பிறந்த விதம்

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ஜே.எச்.ஏ. டிரெமென்ஹீர் 1891 அக்டோபரில் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமையை வீடு, மனை, கூலி, கடன், படிப்பு என்று பிரித்து எழுதிய அறிக்கை அது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த்துறை அரசாணை 1010 வந்தது. நாம் இன்று 'பஞ்சமி நிலம்' என்று சொல்வதற்கு அடிப்படை அந்த ஆணை. நிலத்தைப் பெற்றவர் முதல் 10 வருடம் யாருக்கும் விற்கக் கூடாது; அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டும்தான் விற்கலாம் என்பது அதன் நிபந்தனை. சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டது என்பது நிலமீட்பு இயக்கங்கள் சொல்லும் கணக்கு.

ஒரு நல்ல கலெக்டர் மனமிரங்கிக் கொடுத்தார் என்று இந்தக் கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. பாதி உண்மைதான். அந்த வருடங்களில் வேறு என்னென்ன நடந்தன என்று பாருங்கள். சேரிகளில் வேலை செய்த மிஷனரிகள், குறிப்பாக செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூவும் திருவள்ளூர் பக்கம் வில்லியம் கௌடியும், தரிசு மனுக்கள் தள்ளப்படுவதைத் தொடர்ந்து எழுதி அரசை நெருக்கினார்கள். 1891 டிசம்பரில் அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டி 10 தீர்மானங்கள் நிறைவேற்றினார். கல்வி, அரசு வேலை, பொதுக்கிணறு என்று ஒவ்வொன்றும் தெளிவான கோரிக்கை. 1892-ல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கே போய் நின்று கோயில் நுழைவைக் கேட்டார். அது மறுக்கப்பட்டது. அதோடு எழுந்து வந்துவிடவில்லை. இலவசப் பள்ளிக்கூடமும் தரிசு நிலமும் கேட்டார். அந்தத் தீர்மானங்கள் ஏற்கப்பட்டன என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

நம் பயிற்சியில் 'குறைந்தபட்சக் கோரிக்கை, அதிகபட்சக் கோரிக்கை' என்று ஒரு அமர்வு இருக்கும். பண்டிதர் அதை அந்தக் கூட்டத்தில் நின்றபடியே செய்து காட்டினார்.

112 அடி மனு

அதே வருடங்களில் இன்னொரு முனையில் இரட்டைமலை சீனிவாசன். செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர். 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தலாம் என்று அந்த வருடம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தீர்மானம் வந்தபோது, சாதி இந்துக்கள் கையில் முழு நிர்வாகமும் போய்விடும் என்று எதிர்த்தார். 1893 டிசம்பரில் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் போட்டு, 3,412 பேரிடம் கையொப்பம் வாங்கி, 112 அடி நீளத்தில் ஒரு மனுவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்.

அவருடைய நிலைப்பாடு சரியா தவறா என்று நாம் விவாதிக்கலாம். இங்கே நான் கவனிக்கச் சொல்வது வேலைமுறையை. முடிவெடுக்கும் இடம் லண்டன் என்று தெரிந்து அங்கே அனுப்புகிறார். தீர்மானம் வந்த வருடத்துக்குள்ளேயே அனுப்புகிறார். சொந்தப் பத்திரிகை வைத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அபூர்வமாக இருந்த சமூகத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கையொப்பம் என்றால், எத்தனை சேரிகளில் எத்தனை இரவு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்!

அதே தாத்தா 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பாதை, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதையும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பயன்படுத்தத் தடையில்லை என்ற தீர்மானம். ஆகஸ்ட் 22 அன்று நிறைவேறி, 1925 பிப்ரவரியில் அரசிதழில் வெளியானது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, எம்.சி. ராஜாவின் முயற்சியால், 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களுக்குப் பதிலாக அரசுப் பதிவுகளில் 'ஆதிதிராவிடர்' என்று எழுத ஆணை வந்திருந்தது.

சட்டம் சொன்னது. ஊர் கேட்டதா? 1925-க்குப் பிறகு எத்தனை கிராமங்களில் நம் தாத்தாக்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார்கள் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

மகாத் சொல்லிக்கொடுத்தது

இதே காலத்தில் பம்பாய் மாகாணத்திலும் இதே மாதிரி ஒரு தீர்மானம் இருந்தது. 1923-ல் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட்டது. 1924-ல் மகாத் நகராட்சி அதை ஏற்றது. ஆனால் யாரும் போய் சவுதார் குளத்தில் தண்ணீர் குடிக்க முடியவில்லை.

பாபாசாகேப் அம்பேத்கர் அங்கே என்ன செய்தார்? 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானோரோடு போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார். அடி விழுந்தது. குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். குளம் தனியார் சொத்து என்று சாதி இந்துக்கள் வழக்குப் போட்டார்கள். பாபாசாகேப் அந்த வழக்கை 10 வருடம் நடத்தினார். 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்மானம், மக்கள் திரளாகப் போய் உரிமையைப் பயன்படுத்துவது, நீதிமன்றம் என்று மூன்று படி. முதல் படியிலேயே நின்றிருந்தால் அந்தத் தீர்மானம் நகராட்சி அலுவலகத்தில் தூங்கியிருக்கும். வியூகத் திட்டமிடல் என்று எந்தப் புத்தகத்தில் தேடினாலும் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நிலம் எப்படிப் போனது

பஞ்சமி நிலத்துக்கு அந்த இரண்டாம் படியும் மூன்றாம் படியும் பெரும்பாலான கிராமங்களில் நடக்கவில்லை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் சேரியில் இல்லை. கல்யாணக் கடன், சாவுச் செலவு, மழை பொய்த்த வருடம் என்று நிலம் கைமாறியது. பத்திரம் எழுதியவருக்கும் பதிவு செய்தவருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் அது செல்லாது என்று தெரியும். வாங்கியவருக்கும் தெரியும். தெரியாதது விற்றவருக்கு மட்டும். 1980-களில் நடந்த யு.டி.ஆர். நிலப்பதிவு மேம்பாட்டில் அனுபவத்தில் இருப்பவர் பெயர் ஏறிய இடங்களில், பழைய பதிவேட்டில் 'டி.சி.' என்றிருந்த குறிப்பே மறைந்துபோனது.

நூறு வருடம் கழித்துத்தான் கேள்வி திரும்ப எழுந்தது. செங்கல்பட்டு மாவட்டம் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள், அது அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். 1892-ல் அரசே கொடுத்த ஆணையை அமல்படுத்தச் சொல்லிக் கேட்டதற்கு 1994-ல் இரண்டு உயிர்.

இதைப் பயிற்சிகளில் சொல்லும்போது இளைஞர்கள் கோபப்படுகிறார்கள். கோபம் சரிதான். ஆனால் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1892-க்கும் 1994-க்கும் நடுவில் ஒவ்வொரு சேரியிலும் 'அ' பதிவேட்டின் நகலை வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும் ஐந்து பேர் இருந்திருந்தால்?

பொது விசாரணையிலிருந்து பட்ஜெட் வரை

1990-களின் கடைசியில் 'அட்வகசி' என்ற சொல் நம் அமைப்புகளுக்குள் வந்தது. 1998-ல் தலித் மனித உரிமைகளுக்கான தேசியப் பிரச்சாரம் தொடங்கியது. 2000 ஏப்ரல் 18, 19 தேதிகளில் சென்னையில் தேசிய அளவிலான பொது விசாரணை நடந்தது. பாதிக்கப்பட்டவர்களே நடுவர்களின் முன் நின்று பேசினார்கள். 2001-ல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டுக்கு நம் ஆட்கள் போனார்கள். சாதி உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு சொல்லிக்கொண்டிருக்க, 2002-ல் ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு தன் 29-வது பொதுப் பரிந்துரையில், பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று சொன்னது.

2005-ல் தகவல் உரிமைச் சட்டம் வந்தபிறகு இன்னொரு கதவு திறந்தது. தலித் மக்களுக்கான சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80 முதல் இருக்கிறது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்றபடி திட்ட நிதியில் பங்கு ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி நம் பங்கு 20 சதவீதம். அந்தப் பணம் எங்கே போகிறது என்று பட்ஜெட் புத்தகத்தைப் பிரித்துப் படிக்க ஆட்கள் பழகினார்கள். 2010-ல், டெல்லி அரசு சிறப்புக் கூறுத் திட்டத்திலிருந்து 744 கோடி ரூபாயைக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்குத் திருப்பியது தகவல் உரிமை மனுக்கள் வழியாக வெளியே வந்தது. நிதியைத் திருப்பியது தவறு என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஒதுக்கீட்டைச் சட்டமாக்கு என்ற கோரிக்கை வலுத்து, 2013-ல் ஆந்திராவில் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2024-ல் வந்தது.

1892-க்கும் 2024-க்கும் ஒற்றுமை தெரிகிறதா? மறுபடியும் நம் கையில் ஒரு நல்ல ஆணை. மறுபடியும் அதே கேள்வி.

எரிந்த வீடுகளும் கூடாத குழுவும்

2013 ஏப்ரல் 25 மாலை. மாமல்லபுரத்தில் நடந்த சித்திரை முழுநிலவு மாநாட்டுக்கு வண்டிகளில் கூட்டம் போனபோது, மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் மோதல் வெடித்தது. தலித் குடும்பங்களின் வீடுகள் எரிந்தன. மாநாட்டுக்குப் போனவர்களில் இருவர் இறந்தார்கள். தர்மபுரி நத்தம் காலனி எரிந்து ஆறு மாதம் கூட ஆகவில்லை அப்போது. உண்மை அறியும் குழுக்கள் வந்தன, அறிக்கைகள் வந்தன. அவை தேவை. ஆனால் தீ அணைந்தபிறகு வருகிற குழு அது.

தீப் பிடிக்கும் முன்பே கூட வேண்டிய குழு ஒன்று சட்டத்தில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 17-ன்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு கலெக்டர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அதில் எம்.பி., எம்.எல்.ஏ., எஸ்.பி. இருப்பார்கள். பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த அலுவலர் அல்லாத உறுப்பினர்கள் ஐந்து பேர் வரை இருக்கலாம். தொண்டு நிறுவனங்களோடு தொடர்புள்ள பிற வகுப்பினர் மூன்று பேர் வரை இருக்கலாம். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு வருடத்துக்கு இரண்டு முறை கூட வேண்டும். உங்கள் மாவட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது, உறுப்பினர்கள் யார், கூட்டக் குறிப்பு எங்கே என்று கேட்டு ஒரு தகவல் உரிமை மனு போட 10 ரூபாய் கட்டணம் போதும். இதைத் தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாத இடத்தில் அந்த நாற்காலிகளில் யார் உட்காருவார்கள் என்பதைச் சொல்ல வேண்டுமா?

உப்பளத்தில் யாரைக் கேட்பது

பயிற்சியின் இரண்டாம் நாள் சார்ட் தாளைக் கழற்றிவிட்டு, தரையில் சாக்பீஸால் உப்பளத்தை வரைந்தோம். கழுவெளி, கால்வாய், பாத்தி, காலனி, சாலை. பிறகு ஒவ்வொரு பிரச்சினைக்கும் யார் பொறுப்பு என்று எழுதினோம்.

உப்பு, அரசமைப்புச் சட்டப்படி மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசின் உப்பள நிலத்தைக் குத்தகைக்கு விடுவது உப்பு ஆணையர் அலுவலகம். கூலி பற்றிக் கேட்க வேண்டியது மாநிலத் தொழிலாளர் துறையை. மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளிக்கு மாநில அரசு 2022-ல் தொடங்கிய 5,000 ரூபாய் நிவாரணம், பட்டியலில் பெயர் இருந்தால்தான் வரும். வீட்டுமனைப் பட்டா தாசில்தாரிடம். கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால் அந்தப் பக்கத்துக் கேள்விகள் வனத்துறைக்கு.

இத்தனை நாளும் எல்லாக் கோரிக்கையையும் ஒரே தாளில் எழுதித் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாள் எந்தத் துறைக்கும் போய்ச் சேராமல் சுற்றியதில் வியப்பில்லை. இப்போது ஐந்து பிரச்சினை, ஐந்து அலுவலகம், ஐந்து பொறுப்பாளர்கள், ஒரு நோட்டு. மனு எண், தேதி, பதில், அடுத்த தேதி என்று அந்த நோட்டில் ஏற வேண்டும். நோட்டை வைத்திருக்கப்போகிறவர் பத்தாவது படித்த ஒரு பெண். ஆயாவின் பேத்தி.

இனி என்ன

இந்த மாதிரிப் பயிற்சிகள் குறைந்துகொண்டே வருகின்றன. 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், நிதி பெறும் பெரிய அமைப்பு அதைச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து கொடுப்பதைத் தடை செய்துவிட்டது. நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. குஜராத்தில் கிராமம் கிராமமாக தலித் செயல்பாட்டாளர்களை உருவாக்கிய நவ்சர்ஜன் அமைப்பின் பதிவு 2016-லேயே ரத்தானது. அடிமட்டத்தில் இருக்கும் ஐந்து பேர் குழுவுக்கு இனி மேலிருந்து தண்ணீர் வராது.

இதற்காக அழுதுகொண்டிருக்க வேண்டியதில்லை. 112 அடி மனுவுக்கு எந்த நிதி நிறுவனமும் பணம் தரவில்லை. ஆனால் நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இருபது வருடம் பயிற்சி நடத்தினோமே, நிதி தருபவருக்கு அறிக்கை எழுதத் தெரிந்தவர்களை உருவாக்கினோமா, 'அ' பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர்களை உருவாக்கினோமா? என் அனுபவத்தில் முதலாவதைத்தான் அதிகம் செய்திருக்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படிக்கும் தோழர்கள் இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கிராமத்தின் பழைய 'அ' பதிவேட்டில் 'டி.சி.' நிலம் எத்தனை ஏக்கர் இருந்தது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு மனு போடுங்கள். வருகிற பதிலைச் சேரியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அடுத்த வருடமும் போய்ப் பாருங்கள். ஆணையை வாங்கித் தந்தவர்கள் போய்விட்டார்கள். காவல் இருக்க வேண்டியது நாம்.

ஆயா கேட்ட கேள்விக்கு நான் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. அவருடைய நிலம் பற்றிய மனு நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த தேதி குறித்திருக்கிறோம்.

ஜெய்பீம்.